டாக் என்னும் சொல்லும் அதன் அடைமொழியும்

ஐந்தாறு வருஷங்களுக்கு முன் நண்பர் நடத்திவந்த ஒரு பத்திரிகைக்காக ஆங்கிலக் கதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மதராஸ் மாகாணத்து முகாம் ஒன்றில் காய்ச்சலில் கிடக்கும் வெள்ளைக்கார அதிகாரியைப் பற்றிய கதை. அப்படியொன்றும் பெரிய கதையில்லை. அதில் நான்கு இடங்களில் ஒரு நாய் வருகிறது. கூடாரத்துக்கு வெளியே படுத்திருக்கிறது, எச்சில் தின்கிறது, ராத்திரியில் ஊளையிடுகிறது, கடைசியில் சுடப்படுகிறது. ஆங்கிலத்தில் அது வெறும் 'டாக்' அல்ல; 'பரையா டாக்'. நான் யோசிக்காமல் 'தெருநாய்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். கைப்பிரதி திரும்பி வந்தபோது நான்கு இடங்களிலும் நண்பர் சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்தார். ஓரத்தில் ஒரே வரி: 'எங்களைத் தூக்கிட்டியே, ஏன்?'

நண்பர் சேரியில் பிறந்தவர். நான் ஊருக்குள் பிறந்தவன். எங்கள் தெருவில் அந்தச் சாதிப் பெயரையும் நாயையும் சேர்த்து ஒரே வசவாகச் சொல்வார்கள். பத்து வயசில் நானும் சொல்லியிருக்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்த பிறகு சொல்வதை விட்டேன். படித்ததால் விட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. மொழிபெயர்க்கும்போது கை தானாகத் 'தெருநாய்' என்று எழுதியதற்கு நாகரிகம் மட்டும்தான் காரணமா? அந்தச் சுழிப்பிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. முதலில் 'டாக்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அடைமொழிக்கு வரலாம்.

ஒண்ணாம் வகுப்புக் குழந்தைகூட அறிந்த இந்தச் சொல்லுக்கு, ஆங்கிலேயர்களுக்கே ஊர் பேர் தெரியாது. பழைய ஆங்கிலத்தில் நாய்க்கு வழங்கிய பொதுப்பெயர் 'ஹுண்ட்'. ஜெர்மன் மொழியில் இன்றும் அதுதான். லத்தீனின் 'கானிஸ்', சம்ஸ்கிருதத்தின் 'ச்வன்' எல்லாம் அதற்குப் பங்காளிகள். ஆயிரக்கணக்கான வருஷக் குடும்ப வரலாறு உள்ள சொல். 'டாக்' அப்படியில்லை. 'டோக்கா' என்ற உருவில் பதினோராம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஒன்றில், லத்தீன் சொல்லுக்கு எழுதிய உரைக்குறிப்பில், திடீரென்று தலைகாட்டுகிறது. அதற்கு முன்னால் எங்கே இருந்தது, யார் வாயில் இருந்தது என்பதற்கெல்லாம் பதில் கிடையாது. தவளை, பன்றி முதலியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் சிலவும் இதே ஈற்றோடு வருகின்றன. எழுதத் தெரியாதவர்கள் பேச்சில் செல்லமாகவோ இளக்காரமாகவோ வழங்கிய சொற்களாக இவை இருந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். ஆரம்பத்தில் முரட்டுப் பெரிய நாய் வகையொன்றுக்குப் பெயராக இருந்திருக்க வேண்டும். பிரெஞ்சும் ஜெர்மனும் இச்சொல்லை ஆங்கிலத்திடமிருந்து கடன் வாங்கியபோது அந்தப் பொருளில்தான் வாங்கின.

பிறகு ஒரு தலைகீழ் மாற்றம். பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் இந்த அனாதைச் சொல் பொதுப்பெயராகிவிடுகிறது. பழைய பொதுப்பெயர் 'ஹவுண்ட்' என்று உருமாறி, வேட்டைநாய்க்கு மட்டும் உரியதாகச் சுருங்கிவிடுகிறது. இங்கே வேடிக்கை என்னவென்றால், சுருங்கியது தாழவில்லை. பிரபுக்களோடு குதிரைக்குப் பின்னால் ஓடும் நாய்க்குப் பழைய குலப்பெயர் மிஞ்சியது. மற்ற எல்லாவற்றுக்கும் ஊர்பேர் தெரியாத பெயர். சசூர் சொன்ன 'மதிப்பு' என்ற கருத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். ஒரு சொல்லின் பொருள் அதற்குள் இல்லை, பக்கத்துச் சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. அவர் இதை விளக்க எடுத்துக்கொண்டது ஆட்டை. பிரெஞ்சில் மந்தையில் நிற்கும் ஆட்டுக்கும் தட்டில் கிடக்கும் ஆட்டுக்கும் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு. ஆகவே இரு மொழிகளின் ஆடும் ஒரே ஆடு அல்ல. சசூரின் இன்னொரு கொள்கையான இடுகுறித்தன்மைக்கும் 'டாக்' உதவும். ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் ம்பபரம் என்ற மொழி இருந்தது. அதைக் கடைசியாகப் பேசியவர்களைத் தேடிப்போன மொழியியலாளர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டபோது வந்த பதில் ஏறக்குறைய 'டாக்' என்றே ஒலித்தது. ஆங்கிலத்திலிருந்து போனது அல்ல. 'குடக' போன்ற ஒரு பழைய வடிவத்திலிருந்து ஒலிமாற்றத்தால் தேய்ந்து அப்படி ஆனது. வெறும் தற்செயல். நம் ஆட்களில் சிலர் இரண்டு சொற்கள் ஒரே மாதிரிக் காதில் விழுந்தாலே 'தமிழிலிருந்து போனது' என்று கிளம்பிவிடுகிறார்களே, அவர்களுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டலாம்.

ஆனால் இடுகுறியோடு கதை முடிந்துவிடுவதில்லை. குறி ஒருமுறை நிலைபெற்றபின் அதன்மேல் அதிகாரம் வந்து உட்காருகிறது. மாக்பெத் நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், கூலிக்குக் கொலை செய்ய வந்தவர்களிடம் மாக்பெத் பேசும் இடம் ஒன்று உண்டு. நாங்களும் மனிதர்கள்தானே என்கிறார்கள் அவர்கள். ஆமாம், பட்டியலில் நீங்களும் மனிதர்கள்தான் என்கிறான் அவன். வேட்டை நாய், கலப்பு நாய், சடை நாய், சொறிநாய் எல்லாவற்றுக்கும் 'டாக்' என்று பொதுப்பெயர் இருப்பது மாதிரி. ஆனால் தரம் பிரித்துக் காட்டும் பட்டியல் ஒன்று தனியாக இருக்கிறது, அதில் உங்கள் இடம் எது என்று கேட்கிறான். பொதுப்பெயரால் சமத்துவம் கொடுப்பது, தரப்பட்டியலால் அதைப் பிடுங்கிக்கொள்வது. நாயை முன்னே நிறுத்தி மனிதர்களை வரிசைப்படுத்தும் வேலை அப்போதே நடந்திருக்கிறது.

அடைமொழியாக வரும்போது 'டாக்' செய்யும் வேலை இன்னும் வெளிப்படையானது. இலக்கணம் பிசகிய லத்தீன் 'டாக் லத்தீன்'. வேலியோரத்துக் காட்டு ரோஜா 'டாக் ரோஸ்'. மட்டமான செய்யுளைக் குறிக்கும் 'டாகரெல்' என்ற சொல்லின் அடியிலும் நாய்தான் படுத்திருக்கிறது என்பார்கள். கேன்டர்பரி கதைகளில் சாசர் சொல்லத் தொடங்கும் பாட்டுக் கதையைச் சத்திரக்காரன் பாதியில் நிறுத்தித் திட்டுவதே அந்தச் சொல்லை வைத்துத்தான். 1755இல் அகராதி செய்த ஜான்சன், ஒரு பொருளின் இழிவையும் சீர்கேட்டையும் குறிக்க முன்னால் சேர்க்கப்படும் துகள் இது என்றே பதிவு செய்துவிட்டார். நாம் 'நாய்க்கடுகு', 'பேய்ப்புடல்' என்று செடிகொடிகளுக்குச் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

சரி, ஏன் நாய்? வீட்டுக்குள் வரும், கட்டிலடியில் படுக்கும், பெயர் சொன்னால் வாலாட்டும். இத்தனை நெருக்கமான பிராணி ஏன் வசவாகிறது? மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1964இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். ஒருவனைப் பன்றி என்றோ பெண்நாயின் மகன் என்றோ திட்டினால் உறைக்கிறது. கங்காருவின் மகனே என்றால் ஏன் உறைப்பதில்லை என்பது அவர் கேள்வி. 'நான்', 'நான் அல்லாதது' என்ற இரண்டுக்கும் நடுவில் தெளிவில்லாமல் நிற்கும் பிராணிகள்மேல்தான் விலக்கு விழுகிறது என்கிறார். வீட்டுப் பிராணி, பண்ணைப் பிராணி, வேட்டைப் பிராணி, தூரத்துக் காட்டு விலங்கு என்று வட்டங்கள். சகோதரி, முறைப்பெண், அயலாள், அந்நியள் என்று இன்னொரு பக்கம் வட்டங்கள். சகோதரியை மணக்க முடியாதது போல வீட்டுநாயைத் தின்ன முடியாது. அழகான அமைப்பு. ஆனால் அமைப்பியல்காரர்களின் அழகில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. லீச்சின் நாய்க்கு ஓர் எசமான் இருக்கிறான், அடுப்பு இருக்கிறது, வீடு இருக்கிறது. எசமான் இல்லாத நாயை இந்த வட்டங்களில் எங்கே வைப்பது? இந்தக் கேள்வியை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நமக்கு இது பிறகு தேவைப்படும்.

பெண்நாய்க்கான ஆங்கிலச் சொல் இடைக்காலத்திலேயே பெண்களைத் திட்டும் சொல்லாகிவிட்டது. தொல்காப்பிய மரபியலோ பெண்நாய்க்கும் பெண்பன்றிக்கும் 'பாட்டி' என்ற பெயரைத் தருகிறது. மரபியல் பாடம் நடத்திய எங்கள் பேராசிரியர் இந்த நூற்பா வந்ததும் பக்கத்தைத் தள்ளிவிட்டார். வகுப்பே சிரித்தது. அதே சொல்லால்தான் இன்று அம்மாவின் அம்மாவைக் கூப்பிடுகிறோம். சொல்லில் இழிவு ஒட்டிக்கொண்டு பிறப்பதில்லை என்பதற்கு இது போதும்.

ஆங்கிலத்திலும் இழிவு மட்டுமே இல்லை. வில்லியம் எம்ப்ஸன் 1951இல் வெளியிட்ட சிக்கலான சொற்களின் அமைப்பு பற்றிய நூலில் 'டாக்' பற்றி இரண்டு இயல்கள் எழுதியிருக்கிறார். ஷேக்ஸ்பியர் காலத்தில் நக்குகிற, குழைகிற, கடிக்கிற பிராணியாக இருந்தது, 1660இல் முடியாட்சி திரும்பிய பிறகு மெல்ல மாறுகிறது. ஆண்கள் ஒருவரையொருவர் 'யூ டாக்' என்று முதுகில் தட்டிச் சொல்கிறார்கள். 'மகா கில்லாடிப்பய' என்று நம் பக்கம் சொல்வதன் தொனி. மனிதன் தேவதையும் இல்லை, பிசாசும் இல்லை. ஆசாபாசங்கள் உள்ள ஒரு பிராணி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்ற புதிய மனநிலையை இந்தச் சொல்லில் எம்ப்ஸன் காண்கிறார். விமர்சனம் என்றால் இப்படி இருக்க வேண்டும். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு நூற்றாண்டின் மனசுக்குள் போய்விடுகிறார். ஆனாலும் அவர் அழுத்தாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இந்தச் செல்லம் சமமானவர்களுக்கிடையில்தான் செல்லுபடியாகும். வெனிஸ் வணிகனில் ஷைலக்கை நாய் என்கிறார்கள். அதில் முதுகில் தட்டுதல் கிடையாது. யார் யாரை நாய் என்று சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது வாலாட்டும் அல்லது கடிக்கும்.

இப்போது அடைமொழிக்கு வரலாம்.

'பரையா' என்பது நம் சொல். போர்ச்சுக்கீசியனான துவார்த்தே பார்போசாவின் 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் குறிப்புகளிலேயே அந்தச் சாதிப் பெயர் வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போகிறது. பிறகு அது போகாத இடமில்லை. 1791இல் பெர்னார்டின் த சேன்-பியேரின் பிரெஞ்சுக் கதையில் ஞானியாக வருகிறது. 1821இல் தெலவீஞ் எழுதிய துயர நாடகத்தின் தலைப்பாகிறது. 1824இல் கதேயின் கவிதைகளுக்குத் தலைப்பாகிறது. 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் தன் பயணநூலின் தலைப்பில் தன்னையே அப்படி அழைத்துக்கொள்கிறாள். மாக்ஸ் வேபர் யூதர்களைக் குறிக்க 'பரியா மக்கள்' என்ற கருத்தாக்கம் செய்கிறார். 1944இல் ஹன்னா அரெண்ட் அதையே தலைப்பில் வைத்து யூதர்களின் மறைந்த மரபு ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார். விலக்கப்பட்டவன் என்ற பொதுக் குறிப்பீடு கிடைத்துவிட்டது. குறிப்பானுக்குச் சொந்தக்காரர்கள் மட்டும் அதில் இல்லை. இன்றைக்கும் ஆங்கிலப் பத்திரிகை ஒரு நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்று எழுதினால், இங்கே செங்கல்பட்டிலும் தஞ்சாவூரிலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது எழுதுகிறவனுக்கு நினைவில் வருமா? அரெண்ட் யூதர்களுக்காக அந்தச் சொல்லை மீட்டெடுத்தார் என்று கொண்டாடுகிறவர்கள், யாரிடமிருந்து எடுத்தார் என்றும் கேட்க வேண்டும்.

நாய்க்கு முன்னால் இது எப்படி வந்து நின்றது? 1886இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியைப் பாருங்கள். யூலும் பர்னெலும் செய்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், விஷயம் தெரிந்தவர். சாதிப் பெயரைச் சாதியற்றவன் என்ற பொருளில் ஆங்கிலேயர்கள் வழங்குவது தவறு என்று அந்த அகராதி ஒரு பதிவில் சொல்கிறது. அடுத்தடுத்த பதிவுகளிலோ மட்டச் சாராயத்துக்கு அந்த அடைமொழி, தெருநாய்க்கு அந்த அடைமொழி. பட்டாளத்துச் சிப்பாய்கள் அதையும் சுருக்கிப் 'பை-டாக்' என்றார்கள் என்பதும் இருக்கிறது. தவறு என்று சொன்ன கையே தவறுகளை அகரவரிசையில் அடுக்கி வைக்கிறது. அகராதியின் விதி அது.

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரே டாக்' இருக்கும்போது இது எதற்கு? இங்கேதான் லீச்சிடம் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது. 'ஸ்ட்ரே' என்றால் வழி தவறியது. எசமானிடமிருந்து பிரிந்து வந்தது. அதாவது முன்பு ஓர் எசமான் இருந்தான். நம் ஊர் நாய்க்கு அப்படி யாரும் எப்போதும் இல்லை. அது எங்கிருந்தும் வழி தவறி வரவில்லை. தெருவிலேயே பிறந்து, தெருவிலேயே குட்டி போட்டு, நாலு வீட்டுச் சோற்றில் வளர்கிறது. நாய் வைத்திருப்பதற்கு 1796இலிருந்து வரி கட்டிப் பழகியவர்களுக்கு, உடைமை அல்லாத நாய் புத்தியில் ஏறவில்லை. ஊரை ஒட்டி இருக்கிறது, ஆனால் ஊருக்குள் இல்லை. இதற்கு அவர்கள் மொழியில் இடமில்லை. ஊரை ஒட்டியும் ஊருக்கு வெளியேயும் வாழவைக்கப்பட்ட மக்களின் பெயரை எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பினார்கள். இதில் குரூரமான முரண் என்னவென்றால், எசமான் இல்லாத நாய்க்குப் பெயர் கொடுத்த அந்த மக்களுக்கு எசமான்கள் இல்லாமலில்லை. நிலத்தோடு சேர்த்துக் கட்டிப்போடப்பட்ட பண்ணையாட்கள் அவர்கள். அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று 1843இல் சொன்ன பிறகும் பண்ணையடிமை போகவில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் அவர்களுடைய நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு அதன் தொடர்ச்சியாக நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த அறிக்கையின் தலைப்பிலும் அதே சொல்தான் இருந்தது. ஒரே சர்க்கார், ஒரே சொல். காலையில் கோப்பில் மனிதன், சாயங்காலம் வராந்தாவில் நாய்.

காலத்தையும் கவனியுங்கள். நாய்களுக்கு அழகுப் போட்டி வைத்து இனம் பிரிப்பது இங்கிலாந்தில் 1859இல் நியூகாசிலில் தொடங்குகிறது. வம்சாவளிப் பதிவேடு வைக்கும் கென்னல் கிளப் 1873இல் வருகிறது. இங்கே 1871-72இல் முதல் இந்திய மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். 1901இல் ரிஸ்லி மூக்கை அளக்கும் கொள்கையோடு சாதிகளை அந்தஸ்துப்படி வரிசைப்படுத்தப் பார்க்கிறார். ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று நான் நிரூபிக்க வரவில்லை. பட்டியல் போடுவதில் அந்தத் தலைமுறைக்கு இருந்த பித்து ஒன்றுதான் என்கிறேன். மாக்பெத்தின் தரப்பட்டியல் அச்சுக்கு வந்துவிட்டது.

நாயோடு நிற்கவில்லை, ஆகாயத்துக்கும் போயிற்று. செம்பழுப்பு உடம்பும் வெள்ளைக் கழுத்துமாகப் பறக்கும் பருந்துக்கு ஆங்கிலத்தில் 'பிராமினி கைட்'. குப்பைமேட்டில் வட்டமிடும் கரும்பருந்துக்குப் 'பரையா கைட்'. வர்ணம் பார்த்து இரண்டு பறவைகளுக்கும் பூணூல் போட்டும் போடாமலும் அனுப்பிவிட்டார்கள். இப்போதைய பறவை நூல்களில் இரண்டாவதன் பெயர் 'பிளாக் கைட்' என்று மாறிவிட்டது. நல்லது. முதலாவதன் பெயர் மாறவில்லை. பிராமினி மைனாவும் அப்படியே இருக்கிறது. தாழ்த்தும் பெயர் சங்கடப்படுத்துகிறது, உயர்த்தும் பெயர் யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. இருமை எதிர்வின் ஒரு காலை மட்டும் வெட்டிவிட்டு எதிர்வே போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நாயின் பெயரோ இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இந்திய நாட்டுநாயைப் பற்றி ஆர்வத்தோடு எழுதுகிறவர்களில் பலரே அந்த அடைமொழியை ஒரு இனப்பெயர் போல வழங்குகிறார்கள்.

எதிர்த்திசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஹாப்ஸன்-ஜாப்ஸன் வந்து ஏழே வருஷத்தில், 1893இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. வேறு நல்ல பெயர் கிடைக்காமல் வைத்த பெயர் அல்ல அது. அதே காலத்தில் அயோத்திதாசர் அந்தப் பெயரையே மறுத்து, அது பிறர் சூட்டியது, நாங்கள் பூர்வ பௌத்தர்கள் என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். சொல்லைத் தன் கையில் எடுத்துக்கொள்வதா, தூக்கி எறிவதா? இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற கேள்விதான் என் கைப்பிரதியின் ஓரத்திலும் நின்றது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

நண்பரை டீக்கடையில் பார்த்தேன். 'தெருநாய்னு போட்டது அவமானம் வேண்டாம்னுதான்' என்றேன்.

'யாருக்கு அவமானம்?' என்றார். 'அந்த வெள்ளைக்காரன் நாயைச் சுடும்போது எதைச் சுடறோம்னு நெனச்சு சுட்டான்னு கதையில இருக்கு. நீ தெருநாய்னு போட்டதும் அவன் வெறும் நாயைச் சுட்டவனாயிட்டான். அவனக் காப்பாத்திட்டே. கூடவே உங்க தெருவையும் காப்பாத்திட்டே.'

தமிழில் அப்படியே போட்டால் அது எங்கள் தெரு வசவாகிவிடுமே என்றேன். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், 'சரி, நல்ல வம்சத்து நாய்க்கு உங்க ஊர்ல என்ன சொல்லுவீங்க?' என்று கேட்டார்.

'ஜாதி நாய்.'

'பாத்தியா' என்று சிரித்தார். 'அவன் நாய்க்கு எங்க ஜாதியக் கொடுத்தான். நீங்க ஜாதின்னாலே உசந்த நாய்ங்கறீங்க. இந்த ரெண்டு அகராதிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது தெருவுல படுத்திருக்கு.'

கடைசியில் ஆங்கில உச்சரிப்பை அப்படியே வைத்து, வல்லின றகரம் போடாமல், 'பரையா நாய்' என்று எழுதுவது என்று முடிவாயிற்று. வெள்ளைக்காரன் வாயில் திரிந்த சொல் அவன் வாயிலேயே கேட்கட்டும், அடிக்குறிப்பு வேண்டாம். நான்கு இடத்திலும் திருத்திக் கொடுத்தேன். இதழ் வந்தபோது மூன்று இடங்களில் 'தெருநாய்' என்றிருந்தது. மெய்ப்புப் பார்த்தவர் எழுத்துப்பிழை என்று நினைத்தாரோ, இல்லை என்னைப் போலவே அவருக்கும் கை தானாகப் போயிற்றோ. நாய் சுடப்படும் கடைசிப் பத்தியில் மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தார்.